வெங்கலம் சாரின் புதினா மிட்டாய்

புதினா மிட்டாயை வாயில் போட்டு, டப்பாவைச் சட்டைப் பைக்குள் தள்ளி, இரண்டு கைகளையும் மேசைமேல் கவிழ்த்து வைத்துவிட்டால் வெங்கலம் சார் கேட்கத் தயார் என்று பொருள். இனி மிட்டாய் கரைகிற வரைக்கும் எதிரில் இருப்பவர் என்ன வேண்டுமானாலும் பேசலாம். "கரையணும். கடிக்கக் கூடாது. அதான் கண்டிஷன்" என்பார். சில நாள் பொறுமை கைவிட்டுப் போய் 'கடக்' என்று ஒரு சத்தம் கேட்கும். சட்டக் கல்லூரியின் முதுகலை வகுப்பு மொத்தமும் திரும்பிப் பார்த்துச் சிரிக்கும். அவரும் சிரித்துவிட்டு இன்னொன்றை எடுத்துப் போட்டுக்கொள்வார்.

வாயில் எதையாவது வைத்துக்கொண்டு பேசினால் அவருடைய அம்மா நறுக்கென்று தலையில் குட்டுவாராம். "மத்த சட்டத்துல எல்லாம் ஓட்டை கண்டுபிடிச்சிட்டேன். இதுல மட்டும் முடியல" என்கிறார்.

தலை முழுக்க நரைத்த வக்கீல். வெண்கல மணி போன்ற குரலால் வந்த பெயர் அது. குறுக்கு விசாரணையில் புலி. அவர் எழுந்து தொண்டையைச் செருமினாலே பொய்ச் சாட்சிகள் குடிக்கத் தண்ணீர் கேட்பார்கள். அப்பேர்ப்பட்டவர் இன்று முதுகில் பையை மாட்டிக்கொண்டு, பிள்ளைகளோடு பிள்ளையாக, 'உயர்நிலைப் பேச்சுவார்த்தைத் திறன்' என்ற பாடத்துக்கு முன்வரிசையில் இடம் பிடிக்கிறார். பாடம் நடத்தும் பேராசிரியை ஒருகாலத்தில் நீதிமன்றத்தில் இவரிடம் மண்ணைக் கவ்வியவர். "அப்போ என்னை ஒரு வார்த்தை பேச விடல நீங்க" என்று அவர் சிரித்தால், "இப்போ பேசுங்க மேடம், நான் எங்கயும் போகல" என்று இவர் கையைக் கட்டிக்கொள்வார்.

இந்த வயதில் இந்தப் படிப்பு எதற்கு என்று கேட்டால் பேச்சை மாற்றிவிடுவார். அவர் மனைவிதான் சொன்னார்.

மகள் சட்டம் படித்து அப்பாவிடமே ஜூனியராக இருந்தாள். ஒருநாள் சாப்பாட்டு மேசையில், வக்கீல் தொழில் போதும், பேக்கரி வைக்கப் போகிறேன் என்றாள். மனிதருக்குச் சுருக்கென்றது. சாப்பிட்ட கையைக்கூடக் கழுவாமல் ஆரம்பித்துவிட்டார். "இதுவரைக்கும் ஒரு கேக்காவது கருகாம எடுத்திருக்கியா? ஆமாவா, இல்லையா? அதை மட்டும் சொல்லு." அவள் வேறு ஏதோ சொல்ல வந்தாள். "கேட்ட கேள்விக்குப் பதில்!" என்று மேசையைத் தட்டினார். கடைசியில் அவளால் வாயே திறக்க முடியவில்லை. வழக்கம் போல வெங்கலம் சார் ஜெயித்தார். மறுநாள் மகள் பெட்டியோடு வேறு ஊருக்குக் கிளம்பினாள். பேக்கரியும் வைத்தாள். அதன்பிறகு தொலைபேசியில் அப்பா குரல் கேட்டால், "அம்மா இல்லையா?" என்ற ஒரே கேள்விதான். அந்தக் கேள்வி அவரைத் தூங்கவிடவில்லை.

சேர்ந்த புதிதில் கல்லூரியிலும் பழைய புலிதான். ஒரு நாடகக் குழுவுக்கும் அரங்க உரிமையாளருக்கும் நடக்கும் பேச்சுவார்த்தை என்று ஒரு பயிற்சி கொடுத்தார்கள். குழுவுக்காக வந்தவள் கண்ணாடி போட்ட ஒரு சின்னப் பெண். உரிமையாளர் பக்கம் நின்ற இவர் அவளைப் பிழிந்து காயப்போட்டுவிட்டார். ஒப்பந்தப்படி ஒத்திகைக்கு மதியம் மட்டும், துப்புரவு வேலை குழுவின் தலையில், விளக்கு உடைந்தாலும் அவர்கள் பொறுப்பு. அன்று அவர் நடையில் தனி மிடுக்கு இருந்தது. மறுவாரம்தான் தெரிந்தது, பயிற்சிக்கு இரண்டாம் பாகம் உண்டு என்று. அரங்கத்தின் கூரை ஒழுகுகிறது, அதைச் சரிசெய்யும் வரை குழு கொஞ்சம் விட்டுக்கொடுக்க வேண்டும். அந்தப் பெண் உட்காரவே இல்லை. "என் கட்சிக்காரங்க வேற இடம் பாத்துட்டாங்க சார், சாரி" என்று போய்விட்டாள். காலி நாற்காலிக்கு எதிரே இவர் மட்டும் உட்கார்ந்திருந்தார். பேராசிரியை வந்து ஒப்பந்தத்தைப் புரட்டிப் பார்த்தார். "இதுல எல்லாமே இருக்கு சார். ஆள்தான் இல்ல."

அன்று அவருக்கு வீட்டுச் சாப்பாட்டு மேசையின் எந்த நாற்காலி நினைவுக்கு வந்திருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. மறுநாள் மிட்டாய் டப்பாவோடு வந்தார்.

அந்த வகுப்பில் ஒரு வழக்கம். எதிராளியின் வாதத்தை முதலில் நம் வாயால் சொல்ல வேண்டும். அவர் "அதேதான்" என்று ஒப்புக்கொண்ட பிறகுதான் நம் முறை. மற்றவர்களுக்கு அது ஒரு பயிற்சி, இவருக்குத் தவம். எதிராளியின் வாதத்தில் ஓட்டை தேடியே பழகிய மூளை அது, ஓட்டையை அடைத்துத் திருப்பிக் கொடு என்றால் லேசில் கேட்குமா? திணறினார், வியர்த்தார், மார்க்கில் கடைசியில் நின்றார். நீதிமன்றத்தில் மலை போல நின்றவர் "மறுபடி ஒரு தடவை சொல்றியாம்மா? சரியாப் பிடிபடல" என்று அந்தக் கண்ணாடிப் பெண்ணிடமே போய் நிற்பார். தோற்றுப் பழகாத ஒருவர் தெரிந்தே தோற்கப் பழகுவதைப் பார்க்க உண்மையிலேயே மரியாதை வருகிறது.

போன ஞாயிறு மதியம் மகள் வந்தாள். அம்மாவைப் பார்க்க என்று சொல்லிக்கொண்டுதான் வந்தாள். ஆனால் சாப்பாட்டு மேசையில் அப்பாவுக்கு எதிரே உட்கார்ந்தாள். தான் சுட்ட ரொட்டி ஒன்றை நடுவில் வைத்தாள். வெங்கலம் சார் மிட்டாயைப் போட்டுக்கொண்டு கைகளைக் கவிழ்த்து வைத்தார்.

"வக்கீல் பதிவைத் திருப்பிக் கொடுத்துடப் போறேன். சொல்லிட்டுப் போகலாம்னுதான் வந்தேன்."

அவளுடைய கறுப்புக் கோட்டு இன்னும் அவர் கோட்டின் பக்கத்திலேயே தொங்குகிறது. அவருடைய தாடை இறுகியது. அடுக்களை வாசலில் நின்ற மனைவி அந்தக் 'கடக்' சத்தத்துக்காகக் காத்திருந்தார். சத்தம் வரவில்லை. மிட்டாய் தன் போக்கில் மெல்லக் கரைந்து முடிந்தது.

"கோர்ட்டு வேலை உனக்குச் சலிச்சுப் போச்சு" என்றார் மெதுவாக. "அதானே?"

"இல்ல. கோர்ட்டு எனக்குப் பிடிக்கும்."

"அப்போ... என் பொண்ணுங்கிற பேரு பாரமா இருக்கு."

"அதுவும் இல்ல." அவள் ரொட்டியைப் பார்த்துக்கொண்டே பேசினாள். "வேலை முடிஞ்சு வீட்டுக்கு வந்தா இங்கயும் கேஸ் நடக்கும். நான் என்ன சொன்னாலும் நீங்க எழுந்து நின்னுடுவீங்க. நான் தோத்த பார்ட்டியாவே சாப்பிட்டு, தோத்த பார்ட்டியாவே தூங்குவேன்."

அவர் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். வகுப்பில்கூட இவ்வளவு வியர்த்ததில்லை.

"யாரு ஜெயிச்சாங்கன்னு பாக்காம ஒரு பேச்சு பேசணும்னு நினைச்சிருக்க. இந்த வீட்ல அதுக்கு நான் இடமே வைக்கல. கடைசியா அந்தக் கறுப்புக் கோட்டையே விட்டுட்டா அப்பவாவது விடுவேன்னு பாக்குற." குரல் கம்மியது. வெண்கலம் எங்கே போனதோ தெரியவில்லை. "சரியாச் சொன்னேனா பாப்பா?"

அவள் ரொட்டியிலிருந்து நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். கண் கலங்கியிருந்தது.

"அதேதான்பா."

இப்போது அவர் முறை. பதிவைத் திருப்பிக் கொடுக்காமலே தொழிலை நிறுத்திவைக்கச் சட்டத்தில் வழி இருக்கிறது. அசைக்க முடியாத வாதம். நுனி நாக்கில் வந்து நின்றது.

வெங்கலம் சார் டப்பாவைத் திறந்தார். இன்னொரு மிட்டாயை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு, கைகளை மறுபடியும் கவிழ்த்து வைத்தார்.