தன்னாட்சி வந்த பிறகு யாரைக் கேட்பது

ஆம்பூரில் நான் வேலை செய்யும் ஷூ கம்பெனியில், எங்கள் தையல் லைனின் சூப்பர்வைசரைப் பேக்கிங்குக்கு மாற்றிவிட்டு, மிஷின்களுக்கு மேலே ஒரு போர்டு மாட்டினார்கள்: தன்னாட்சிக் குழு. "இனிமே உங்களை நீங்களே ஆண்டுக்கலாம். லீவு, பர்மிஷன் எல்லாம் நீங்களே பேசி முடிவு பண்ணுங்க" என்றார் ஆபீஸ் மேடம். எல்லோரும் கை தட்டினார்கள். எட்டாவதோடு படிப்பை விட்ட நானும் அவர்களைப் பார்த்துத் தட்டினேன்.

மகளுக்கு வாணியம்பாடியில் காலேஜ் சீட் கிடைத்தது. அன்றைக்கே மூன்று மணிக்குள் பெற்றவர் வந்து கையெழுத்துப் போடாவிட்டால் சீட்டை வேறு பிள்ளைக்குக் கொடுத்துவிடுவார்களாம். பழைய சூப்பர்வைசராக இருந்தால், "உனக்குன்னு தெனம் ஒன்னு வருமா" என்று கத்துவார், கத்திக்கொண்டே அனுப்பிவிடுவார். முடிந்தது.

இப்போது பக்கத்து மிஷின்காரியைக் கேட்டேன். "எனக்கு இன்னாக்கா வந்துது? மத்தவங்கள ஒரு வார்த்த கேட்டுடு." அடுத்தவளும் அதையேதான் சொன்னாள். லைன் கடைசியில் இருந்தவள், "எல்லாரும் சரின்னா எனக்கும் சரிதான். எல்லாரும் சொல்லிட்டாங்களா?" என்றாள். ஒருத்தியும் போகாதே என்று சொல்லவில்லை. ஒருத்தியும் போ என்றும் சொல்லவில்லை. சாப்பாட்டு நேரமே முடிந்துவிட்டது.

பொறுக்க முடியாமல் பேக்கிங்குக்குப் போனேன். பழைய சூப்பர்வைசர் அட்டைப் பெட்டிக்கு டேப் ஒட்டிக்கொண்டிருந்தார்.

"எனக்கு ஏதுமா அதிகாரம்? நீங்கதான் இப்ப ராணிங்களாச்சே."

"சார், பொண்ணு கேட்ல நிக்குது. எப்பவும் போல திட்டிட்டு அனுப்புங்க."

அவர் எழுந்து வந்து லைனைப் பார்த்து, "ஒரு பொம்பள அவ பொண்ண காலேஜ்ல சேத்துட்டு வர்றதுக்கு இத்தினி பேஜாரா? போவட்டும் உடுங்க" என்று கத்தினார். எல்லாத் தலைகளும் ஆடின. "போக்கா, போக்கா, நேரமாவுது." இத்தனை நேரம் இந்த வார்த்தையை எங்கே வைத்திருந்தார்களோ.

மகளோடு பஸ்ஸை விட்டு இறங்கினால், காலேஜ் வாசலில் பெயருக்குக் கீழே பெரிய எழுத்தில் அதே சொல். நான் அங்கேயே நின்றுவிட்டேன்.

"இன்னாம்மா நின்னுட்ட?"

"இங்கயும் தன்னாட்சின்னு போட்டிருக்குதேடி."

"இவங்களே பாடம் வெச்சி, இவங்களே பரீட்சையும் வெச்சிப்பாங்கன்னு அர்த்தம்மா. நல்ல காலேஜுக்குத்தான் குடுப்பாங்க."

"அது இருக்கட்டும். முடிவு சொல்றது யாரு, அத மொதல்ல கேளு."

வாட்ச்மேன் ஓர் அறையைக் காட்டினார். உள்ளே ஒரே ஒரு ஆள்தான் இருந்தார். அவர் காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டேன். மூன்றடிக்க இன்னும் கொஞ்சம் இருந்தது. சரியான இடத்தில்தான் போட்டேனா என்று திரும்பி வரும் பஸ்ஸில் மகளைக் கேட்டுக்கொண்டே வந்தேன்.