முனிரத்தினம் மாமாவின் பம்பு ஷெட் சாவி

இந்த நேரத்தில் எழுதுவதற்கு எல்லோரும் மன்னிக்க வேண்டும். என் மகள் யாழினி இப்போதுதான் தூங்கினாள். அவள் விழித்திருந்தால் சேர்ந்தாற்போல் இரண்டு வரி எழுத விடமாட்டாள். நாளைக்குத் தள்ளிப்போடக்கூடிய விஷயமும் இல்லை இது.

பெங்களூரில் இருக்கும் நம் ஆற்றங்கரைக் குடும்பங்களுக்கெல்லாம் செய்தி வந்து சேர்ந்திருக்கும். எனக்கு அது போன வெள்ளிக்கிழமை வந்தது, அல்சூரில் பஸ்ஸுக்கு நின்றிருந்தபோது. அழைத்தவர் முனிரத்தினம் மாமாவின் தம்பி, கோபால் சின்ன மாமா. "அண்ணன் போயிட்டாரும்மா" என்றார். அந்த மூச்சிலேயே, பம்பு ஷெட் சாவியை அவர் எங்கே வைப்பார் என்று எனக்குத் தெரியுமா என்று கேட்டார். அழுகை வருவதற்கு முன்னால் எனக்குப் பயம் வந்துவிட்டது.

கரையில் வளராத நம் பிள்ளைகளும் இதைப் படிப்பார்கள், அதனால் சொல்கிறேன். அத்திபெலே தாண்டித் தென்பெண்ணைக் கரையில் நம்மவர்கள் முதலில் போட்டது நெல்லும் ராகியும்தான். மழை பொய்த்தால் அதுவும் கிடையாது. பெங்களூர் பெருகப் பெருக அதன் கழிவெல்லாம் ஆற்றில் இறங்கியது. தண்ணீர் கறுத்தது, நுரை கட்டியது, ஆனால் வற்றுவது நின்றது. வருஷம் முழுக்கத் தண்ணீர் என்றதும் கரை முழுக்கக் கீரையானது. விதைத்தால் மாதம் திரும்புவதற்குள் காசு. ஓட்டு வீடெல்லாம் மாடி வீடானதும் நான் காலேஜ் போனதும் அந்தக் கீரையில்தான். பொதுப் பம்பின் சாவி மாமாவிடம் இருந்தது. யாருக்கு எப்போது தண்ணீர் என்று அவர் சொல்லிவிட்டால் மறுபேச்சு இல்லை.

எல்லா வீட்டிலும் ஒரு வழக்கமும் இருந்தது. அதைப் பற்றி யாரும் வாய்திறந்து பேசியதில்லை. சந்தைக்குப் போகும் கீரைக்கு ஆற்றுத் தண்ணீர். வீட்டில் சமைக்கும் கீரை மட்டும் கொல்லைக் கிணற்றடியில் தனிப் பாத்தியில்.

யாழினி சோறு சாப்பிடத் தொடங்கிய புதிதில் மாமா மர்பி டவுனில் எங்கள் வீட்டுக்கு அவளைப் பார்க்க வந்தார். "சொப்பு, சொப்பு" என்று கன்னடத்தில் கீரையைக் கூவி வரும் தள்ளுவண்டியில் வாங்கிய சிறுகீரையைக் கடைந்து, சோற்றில் பிசைந்து ஊட்டிக்கொண்டிருந்தேன். அவர் சமையல் மேடையில் கிடந்த மிச்சக் கீரைக்கட்டைக் கையில் எடுத்தார். கட்டியிருந்தது கோரைப்புல்லால். முடிச்சில்லாமல் இரண்டு சுற்றுச் சுற்றி நுனியை உள்ளே செருகியிருந்தது. நம் கரையைத் தவிர வேறெங்கும் அப்படிக் கட்டுவதில்லை. கட்டைக் கீழே வைத்துவிட்டு, என் கையிலிருந்து கிண்ணத்தை வாங்கிச் சோற்றைக் கொட்டினார். "நம்ம கட்டும்மா இது" என்றார். காப்பிகூடக் குடிக்காமல் கிளம்பிவிட்டார்.

மறுநாளே கோயில் வாசலில் கூட்டம் கூட்டி, வாயில் போகும் பயிருக்கு இனி ஆற்றுப் பம்பு ஓடாது, பூப் போடுபவர்களுக்கு மட்டும் தண்ணீர் என்று சொல்லியிருக்கிறார். பெரிய சண்டை. கோபால் சின்ன மாமாதான் நேருக்கு நேர் கேட்டாராம்: "பேத்தி வாய்க்குப் போனதும்தான் ஞானம் வந்துச்சாண்ணா?"

"ஆமாண்டா. அதுவரைக்கும் வரல. அதான் வெக்கமா இருக்குது."

கூட்டத்தில் நடந்ததை எனக்குச் சொன்னது அத்தைதான். தண்ணீரில் அப்படி என்னதான் இருக்கிறது என்று நான் ஒருமுறை மாமாவைக் கேட்டேன். "எனக்கு எப்பிடித் தெரியும்? தெரியாததை அடுத்தவன் வயித்துக்கு வித்துட்டிருந்தோம், அதான் தெரியும்" என்றார்.

கீரையை விட்டுச் சாமந்தி போட்டார்கள். கீரை தினமும் விற்கும். பூவுக்குப் பண்டிகை வர வேண்டும். இந்த வருஷம் விலை படுத்துவிட்டது. சின்ன மாமா கடனில் இருக்கிறார், அது பொய்யில்லை. அவர் கெட்டவரும் இல்லை; மாமாவைத் தூக்கிய தோள்களில் முதல் தோள் அவருடையதுதான். ஆனால் அன்றைக்கே, கீரை விதை வாங்கி வைத்திருக்கிறேன் என்று நான்கு பேரிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

ஊரிலிருந்து நான் கிளம்பும்போது அத்தை என்னைச் சமையலறைக்கு இழுத்துப்போய் சாவியைக் கையில் திணித்தார். "நீ எடுத்துட்டுப் போயிடும்மா. இங்க இருந்தா என்னால பிடிச்சு வெக்க முடியாது." மறுக்கத் தோன்றவில்லை. இப்போது அது எங்கள் அரிசி டப்பாவில் கிடக்கிறது.

இன்று சாயங்காலம் சின்ன மாமா மறுபடி கூப்பிட்டார். கத்துவார் என்று நினைத்தேன், கத்தவில்லை. "பூட்டை உடைக்க எத்தினி நேரம் ஆவும்? அண்ணன் போட்ட பூட்டு, கை வரல. செடியெல்லாம் காயுதும்மா. உன் மாமன் வெச்ச சாமந்தியும் சேர்ந்துதான் காயுது." உண்மைதான். சாவி என்னிடம் இருக்கும்வரை கீரைக்கும் தண்ணீர் இல்லை, பூவுக்கும் இல்லை. யாழினிக்கு இப்போது நான் கீரையே கொடுப்பதில்லை. ஆனால் வண்டிக்காரரிடம் வாங்கும் மற்ற வீட்டுப் பிள்ளைகள்?

மாமாவிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்தச் சாவியும், "நம்ம கட்டும்மா இது" என்ற அந்தச் சொல்லும்தான். சாவியை நான் வைத்துக்கொள்ள முடியாது. ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போய்ச் சின்ன மாமா கையிலேயே கொடுத்துவிடலாம் என்றிருக்கிறேன். வெறும் சாவியாகக் கொடுக்கத்தான் பயம். கரையில் உங்கள் எல்லோருக்கும் நிலம் இருக்கிறது, குத்தகைக்கு விட்டிருந்தாலும் உங்கள் சொல்தான் அங்கே செல்லும். உங்கள் நிலத்தில் ஆற்றுத் தண்ணீரில் கீரை போட விடுவீர்களா, மாட்டீர்களா? இந்தப் பூ நஷ்டத்தில் சின்ன மாமாவுக்குக் கைகொடுப்பீர்களா? உங்கள் பதிலை அவரிடம் நான் படித்துக் காட்ட வேண்டும்.

ஞாயிறுக்குள் பதில் எழுதுங்கள்.