ஏழாம் கட்டிலின் நேற்று

அந்த மருத்துவமனையின் மூன்றாம் மாடியில் புள்ளிவிவரம் பார்ப்பவருக்கு நர்ஸம்மாக்கள் வைத்த பெயர் ‘நேத்து சார்’. டீ சூடாக இருக்கிறது என்று சொன்னால்கூட, “நேத்து எப்படி இருந்துச்சு?” என்று விசாரித்துவிட்டுத்தான் வாயில் வைப்பார். கல்யாணப் பேச்சும் இப்படி விசாரித்து விசாரித்தே நின்றுபோனது. வீட்டில் துணைக்குப் பிள்ளையில்லாத அக்கா மட்டும்.

இந்தக் குணத்தை மருத்துவமனை வீணாக்கவில்லை. நோயாளிக்கு இன்று ஆபத்து எவ்வளவு என்று கணிக்கும் மாடலை மூன்று வருடம் முன்பு அவர்தான் கணினியில் எழுதினார். நேற்றைய மூச்சையும் காய்ச்சலையும் இன்றைய கணக்குக்குள் இழுத்து வர ஒரு வரி. வயது அறுபதைத் தாண்டினால் மட்டும் அவற்றுக்குக் கூடுதல் கனம் என்று ஒரு நிபந்தனை. காலை எட்டுக்கு, ஆளுக்கு நூற்றுக்கு எவ்வளவு ஆபத்து என்று பட்டியல் வரும். தொண்ணூறைத் தாண்டியவர் நேரே ஐ.சி.யு.வுக்கு.

ஒரு நாள் விடியற்காலை அக்காவுக்குத் தலைசுற்றல். வயது அறுபத்தொன்று. ஏழாம் கட்டிலில் படுக்க வைத்தார்கள். எட்டு மணிப் பட்டியலில் அவளுக்குத் தொண்ணூற்றாறு. அக்காவோ பிஸ்கட் நமுத்துப்போயிருக்கிறது என்று சண்டை போட்டுக்கொண்டிருந்தாள்.

“தொண்டைல குழாய் போட்டுடலாம் சார்,” என்றார் டாக்டர். “உங்க மாடல் தப்பே பண்ணாதுன்னு நீங்கதானே மைக்குல சொன்னீங்க?”

“பத்து நிமிஷம் குடுங்க, டாக்டர்.”

ஒன்பதாம் நிமிடத்தில் அகப்பட்டது. தகவல்கள் கட்டில்வாரியாக, தேதி வரிசையில் அடுக்கப்பட்டிருந்தன. ‘மேல் வரிசையில் உள்ளதை நேற்று என்று எடுத்துக்கொள்’ என்று எழுதியவர், ‘அதே ஆளாக இருந்தால் மட்டும்’ என்று சேர்க்க மறந்திருந்தார். ஏழாம் கட்டிலின் மேல் வரிசையில் நேற்று இறந்துபோன ஒரு பெரியவர். கடைசிக் குறிப்பு: ‘ஜன்னல் பக்கம் திருப்பிப் படுக்க வைக்கச் சொல்கிறார்.’

ஆக, மூன்று வருடமாகப் புதிதாக வந்தவர்களெல்லாம் முன்னால் இருந்தவரின் நேற்றைப் போர்த்திக்கொண்டு படுத்திருக்கிறார்கள். போர்வையையாவது துவைத்துப் போட்டார்கள்.

விட்ட நிபந்தனையைச் சேர்த்தார். அக்காவுக்கு நான்கு. டாக்டர் லேசான ஏமாற்றத்தோடு குழாயைத் திரும்பப் பெட்டிக்குள் வைத்தார்.

நேத்து சார் நல்ல செய்தி சொல்ல அக்காவிடம் ஓடினார். அவள் முறைத்தாள்.

“ஏன்டா, நேத்து எவ்வளவு நேரம் கத்தினேன்! மூச்சு முட்டுது, ஜன்னல் பக்கம் திருப்பி விடுங்கன்னு. ஒருத்தர் எட்டிப் பாத்தீங்களா?”

“அக்கா, நேத்து நீ வீட்டுல இருந்த. டிவி பாத்துக்கிட்டே என்னைத் திட்டிட்டு இருந்த.”

“அதுவும்தான்,” என்றாள் அக்கா.

அவர் திரும்பிப் போய் மாடலை மறுபடி ஓட்டினார். நான்கு. இன்னொரு முறை ஓட்டினார். அப்போதும் நான்குதான். கணக்கில் ஒரு குறையும் இல்லை. நர்ஸிடம் போனார்.

“கட்டிலை மாத்திடும்மா.”

“நாலுதானே சார் வந்திருக்கு?”

“வந்திருக்கு. மாத்திடு.”

“மூணும் பதினொண்ணும் காலி. எது வேணும்?”

விஞ்ஞானத்தின்மேல் அசையாத நம்பிக்கை கொண்ட அந்த மனிதர் குரலைத் தாழ்த்தினார். “மூணுல நேத்து யாரு?”

“ஒரு பாட்டிம்மா. சிரிச்சுக்கிட்டே வீட்டுக்குப் போனாங்க.”

“மூணு.”

மாற்றிப் படுக்க வைத்ததும் அக்காவின் முகம் தெளிந்தது. கால்களைக் கட்டிலிலிருந்து தொங்கவிட்டுக்கொண்டு அவசரப்படுத்தினாள்.

“என் செருப்பு எங்கடா? பேரப்பிள்ளைங்க கீழ காத்துக்கிட்டு இருக்குதுங்க.”

அவர் எதையும் திருத்தவில்லை. குனிந்து, கட்டிலுக்கு அடியில் செருப்பைத் தேட ஆரம்பித்தார்.