பட்டறை விடுமுறையில் எடுத்த அளவு

உண்மையான எண்களை மட்டுமே எழுதி ஒருவர் பொய் சொல்ல முடியுமா? முடியாது என்று அடித்துச் சொல்பவர்கள், மின் நிறுவனத்தில் முப்பத்திரண்டு வருடம் அளவு எடுத்து ஓய்வுபெற்ற ஒருவரைத் தெரிந்துகொள்ள வேண்டும். கூட வேலை பார்த்தவர்கள் அவரைத் ‘தராசு’ என்பார்கள். கருவி காட்டுவதற்கு மேல் ஒரு புள்ளிகூடக் கூட்டி எழுதமாட்டார்.

மின்கம்பியிலேயே இணையத்தையும் அனுப்பும் திட்டம் வந்தபோது அவருக்கு ஐம்பது வயது. கம்பியில் போகும் தகவலை ஆயிரத்துக்கும் மேற்பட்ட மெல்லிய அலைகளுக்குப் பங்கிட்டுவிடுவார்கள். எந்த அலையில் மின் இரைச்சல் கூடுகிறதோ, அதன் சுமையைக் கருவி தானாகவே குறைத்துவிடும். இதை அவர் தன் அக்காவுக்கு விளக்கினார்.

“ஒரே மூட்டையை ஒருத்தன் தலையில ஏத்தினா, அவன் விழுந்தா எல்லாம் போச்சு. இதுல ஆயிரம் பேருக்குப் பிரிச்சுக் குடுத்துடறோம்க்கா. பலசாலிக்கு நிறைய, கால் வலிக்கிறவனுக்குக் கொஞ்சம்.”

“அப்ப எனக்குக் கொஞ்சம்தான்னு சொல்லு.”

அக்காவுக்கு இடுப்பில் அறுவைச் சிகிச்சை நடந்து ஏழு வருடம் ஆகியிருந்தது. மூன்றாவது மாடியிலிருந்து இறங்க முடியாது. ஒரு மருத்துவமனைக்கு வரும் தொலைபேசி அழைப்புகளை வீட்டிலிருந்தே எடுத்து, நோயாளிகளுக்கு நேரம் குறித்துக் கொடுப்பார். மதியம் தொடங்கினால் இருட்டும் வரை பேச்சு. வெளியுலகம் அந்த வழியாகத்தான் அவரிடம் வந்து போனது.

அதே கட்டடத்தின் கீழ்த்தளத்தில் தையல் பட்டறைகள், அறுபது மோட்டார்கள். புதிய கருவியைப் பொருத்த மின்சாரத்தை நிறுத்த வேண்டும். பட்டறைகளுக்கு இடைஞ்சல் வேண்டாமென்று அவற்றின் வார விடுமுறையைத் தேர்ந்தெடுத்தார்கள். பொருத்திய கையோடு, கம்பி எவ்வளவு தகவலைத் தாங்கும் என்று அன்றைக்கே அவர் அளவும் எடுத்தார். திரையில் ஆயிரம் அலைகளும் வேலிக்கம்புகளைப் போல நிமிர்ந்து நின்றன.

அவருக்குத் தெரியும். மோட்டார் ஓடினால் அதற்குள் தெறிக்கும் மின்பொறியிலிருந்து கிளம்பும் இரைச்சல் அதே கம்பியில் ஏறும்.

“வேலை நாள்ல ஒருதடவை வந்து பாத்துடலாம் சார்.”

உடன் வந்திருந்த பொறியாளர் சிரித்தார். “ஒரு பானைச் சோத்துக்கு ஒரு சோறு பதம்ப்பா. நீ என்ன, பானையையே கவுத்துப் பாக்கணும்ங்கற? கருவி காட்டினதைத்தானே எழுதியிருக்க? போடு கையெழுத்த.”

அடுப்பு எரிகிற பானைக்குத்தான் அந்தப் பழமொழி. அன்று அடுப்பே எரியவில்லை. ஆனாலும் அவர் கையெழுத்துப் போட்டார். படிவத்தின் ஓரத்தில் ‘பட்டறை விடுமுறை’ என்று இரண்டு சொல் எழுத இடம் இருந்தது. எழுதவில்லை.

அந்த அறிக்கையை நம்பி, ஆறு மாதத்தில் அந்தப் பகுதியின் பழைய தொலைபேசிக் கம்பிகளை உருவி எடுத்துவிட்டார்கள். அக்காவின் அழைப்புகள் மின்கம்பிக்கு மாறின. மதியம் அவர் பேச உட்காரும்போது கீழே மோட்டார்கள் ஓடிக்கொண்டிருக்கும்; குரல் துண்டு துண்டாகும், பிறகு அறுந்துபோகும். நோயாளிகள் மருத்துவமனையில் போய்ச் சத்தம் போட்டார்கள்.

விஷயம் தெரிந்து ஓடிவந்த தம்பியை அக்கா உட்காரச் சொல்லவில்லை.

“நீதானே அளந்த?”

“நான்தான்க்கா.”

“என்னைக்கு?”

சொன்னார்.

“அன்னைக்கு இந்தக் கட்டடத்துல குண்டூசி விழுந்தாக்கூடக் கேக்கும்டா. மேல ஏறி வந்து என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?”

மறுபடி அளக்க வேண்டுமென்று அவர் மனுக் கொடுத்தார். தேவையில்லை என்று பதில் வந்தது. கட்டடத்தில் குறை இல்லை என்பதற்குச் சான்றாக, அவர் கையெழுத்திட்ட தாளையே இணைத்திருந்தார்கள். மூன்றாவது மாதம் மருத்துவமனை அக்காவின் வேலையை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டது.

அக்கம்பக்கத்தார் விதி என்றார்கள். எந்த விதி? நாளைக் குறித்தது ஓர் அலுவலகம். மோட்டார் ஓடாத நேரம் என்று தெரிந்தே அளந்தது ஒரு மனிதர். தொழில்நுட்பத்தின் மேலும் பழி போட முடியாது; மோட்டார் ஓடும்போது யாராவது அளந்திருந்தால், கம்பி தாங்கும் வேகம் எவ்வளவென்று அந்தக் கருவியே நேர்மையாகச் சொல்லியிருக்கும்.

இன்றும் வாரம் இரண்டு முறை அவர் அந்த மூன்று மாடியை ஏறுகிறார். அக்கா அந்த அளவைப் பற்றி ஒரு சொல்லும் பேசுவதில்லை. திட்டினால் தேவலை என்கிறார் தம்பி.

உங்கள் கட்டடத்துக்கும் ஒருநாள் அளவுக்கருவியோடு யாராவது வருவார்கள். எல்லா மோட்டாரும் ஓடும் நேரத்தில் அவர்களை வரச் சொல்லுங்கள். அப்போது எது ஓடியது, எது நின்றிருந்தது என்பதையும் படிவத்தில் எழுதச் சொல்லுங்கள். எழுத மறுத்தால், உங்கள் கையெழுத்தைக் கேட்டாலும் போடாதீர்கள்.