நீங்கதான் அமுக்கணும்

சபையாரே, இதைச் சொல்ல எனக்கு வெட்கம்தான். ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

இருபத்தேழு வருடமாக டவுன் பஸ்ஸில் கண்டக்டர் வேலை. நின்று நின்றே இரண்டு முட்டியும் தேய்ந்துவிட்டன. போன வருடம் பொங்கல் முடிந்த செவ்வாய்க்கிழமை காலையில், வலது முட்டியை மாற்றி ஆபரேஷன் செய்தார்கள். சாயங்காலம் நாலு மணிக்கு மயக்க ஊசியின் மரமரப்பு விட்டது. அப்போது ஆரம்பித்த வலியைப் போல நான் பிறந்ததிலிருந்து பட்டதில்லை.

முதுகில் மெல்லிய டியூப், கையில் குளுக்கோஸ், காலில் பெரிய கட்டு. புரள முடியாது, எழ முடியாது. மறுநாள் நடக்க வேண்டும், இல்லாவிட்டால் முட்டி மடங்காமல் போய்விடும் என்று சொல்லியிருந்தார்கள். இந்த வலியோடு எப்படி நடப்பேன்? இனிமேல் பஸ்ஸில் நிற்கவே மாட்டேன், கட்டிலோடு முடங்கிவிட்டேன் என்றே முடிவு கட்டினேன்.

ஆபரேஷனுக்கு முன்னால் மயக்க டாக்டர் நிறையச் சொன்னார். பயத்தில் என் காதில் விழுந்தது இதுதான்: "வலிச்சா நீங்கதான் அமுக்கணும். வீட்டுக்காரங்க அமுக்கக் கூடாது." கால் வலித்தால் காலை அமுக்குவதுதான் எங்கள் வீட்டு வழக்கம். வேறு எதை நினைப்பேன்?

என் மனைவி எஸ்தர் கண்கலங்கி நின்றாள். "என்னங்க, கொஞ்சம் அமுக்கி விடவா?"

"தொடாத. நான்தான் அமுக்கணும்னு டாக்டரு சொல்லியிருக்காரு."

"கையே எட்டலையே. சிஸ்டரக் கூப்பிடவா?"

"வேணாம். எனக்குத் தெரியும்."

தொடை வரைதான் எட்டியது. அதைப் போட்டு அமுக்கினேன். உயிரே போனது. அப்படியே இரண்டு மணி நேரம் கிடந்தேன்.

பஸ்ஸில் எத்தனையோ பேரை அதட்டிய ஆள், ஆறு மணிக்குச் சத்தமாக அழுதேன். "ஆண்டவரே, என் கை எட்டல. உம்ம கை எட்டுமே" என்று கெஞ்சினேன். வேதாகமத்தை நெஞ்சில் வைத்துக்கொள்ளலாம் என்று தலையணைக்குக் கீழே கையை விட்டேன். புத்தகத்துக்குப் பதிலாக ஒரு வயர் வந்தது. அதன் நுனியில் ஒரு பச்சைப் பொத்தான்.

இந்தத் தடவை எஸ்தர் என்னைக் கேட்கவில்லை. நேரே போய் சிஸ்டரைக் கூட்டிவந்தாள். அந்தப் பெண் பொத்தானைப் பார்த்தாள். சிவந்து கிடந்த என் தொடையையும் பார்த்தாள்.

"ஐயா, இம்புட்டு நேரமும் காலையா அமுக்குனீங்க? இதத்தான் அமுக்கச் சொன்னோம். அமுக்குனா முதுகு டியூப் வழியா மருந்து இறங்கும். எம்புட்டுத் தடவ அமுக்குனாலும் அளவுக்கு மேல போகாது."

அரை மயக்கத்தில் இருந்தபோதே என் கையில் கொடுத்தார்களாம். நழுவியிருக்கிறது.

அமுக்கினேன். கால் மணி நேரத்தில் வலி மெல்ல மெல்ல இறங்கியது. எஸ்தர் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். நான் மறுபடி அழுதேன், இது வேறு அழுகை. மறுநாள் வாக்கரைப் பிடித்து ஐந்து எட்டு வைத்தேன். இப்போது சிம்மக்கல் ரூட்டில் நின்றுகொண்டுதான் டிக்கெட் கொடுக்கிறேன்.

நான் ஜெபிப்பதற்கு முன்பே தேவன் மருந்தைத் தலைமாட்டில் வைத்திருந்தார். எல்லாம் தெரிந்தவன் போல நான்தான் அதன்மேல் படுத்துக் கிடந்தேன். இந்த வருடம் இடது முட்டி ஆபரேஷனுக்கு முன்னால், "புரிஞ்சதா?" என்று கேட்டார் அதே டாக்டர். "இல்ல டாக்டர், இன்னொரு தடவ சொல்லுங்க" என்றேன்.

வழியில்லாமல் அடைபட்டுக் கிடக்கிறவர்கள் இங்கே இருந்தால், அவரை நம்பிக் கேளுங்கள். பக்கத்தில் நிற்கிறவர்களிடமும் கேளுங்கள். நான் இப்போதெல்லாம் எஸ்தரிடம் கேட்கிறேன்.