என் கேஸைக் கண்டுபிடித்துக் கொடு, முருகா

தர்ஷினி, கவின், என் கண்ணுங்களா,

அப்பா எழுதுகிறேன். முருகன் அருளால் நடந்ததைக் கோயில் மலருக்கு எழுதித் தரச் சொன்னார்கள். எழுத உட்கார்ந்ததும் உங்கள் முகம்தான் முன்னால் வந்தது. அதனால் உங்களுக்கே எழுதுகிறேன். கோயிலுக்கு வருகிறவர்களும் படிக்கட்டும். பள்ளியில் ஐந்தாம் படிவம் வரைதான் படித்தவன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அம்மாவுக்கு நியூசிலாந்தில் தாதி வேலை கிடைத்து நீங்கள் மூவரும் விமானம் ஏறிய அன்று, "அப்பா எப்ப வருவீங்க?" என்று கவின் கேட்டான். "ரெண்டு மாசம்டா," என்றேன். ஒன்பது மாதம் ஆகிவிட்டது. ஏன் என்று அம்மா உங்களிடம் சொல்லவில்லை. அப்பாவே சொல்லட்டும் என்று விட்டுவிட்டாள்.

காரணம் ஒரு பழைய கதை. அப்போது எனக்கு இருபத்து மூன்று வயது. உங்கள் அம்மாவை இன்னும் பார்த்ததில்லை. கூட்டாளி ஒருவனின் கல்யாண விருந்தில் பகலிலேயே குடித்துவிட்டுக் கார் ஓட்டினேன். பினாங்கில் ஆயர் ஈத்தாம் சந்தைக்குப் பக்கத்தில் ஒரு பழக்கடையை இடித்தேன். பழக்காரர் அந்த நிமிடம்தான் தண்ணீர் பிடிக்கப் பின்னால் போயிருந்தார். அவர் உட்கார்ந்திருந்த பிளாஸ்டிக் நாற்காலி என் சக்கரத்துக்கு அடியில் நசுங்கிக் கிடந்தது. போலீஸ் பிடித்தது. மாஜிஸ்திரேட் முன்னால் நின்று குற்றத்தை ஒத்துக்கொண்டேன். அபராதம் கட்டினேன். ஒரு வருடம் லைசென்ஸ் இல்லை. அதற்குப் பிறகு நான் குடித்ததே இல்லை. ஆனால் அந்த நாற்காலியை மட்டும் மறக்க முடியவில்லை.

நம் ஊரில் சம்மன் என்ற வார்த்தைக்குப் பெரிய வயிறு. தப்பான இடத்தில் காரை நிறுத்தி அபராதச் சீட்டு வாங்கினாலும் சம்மன், சிவப்பு விளக்கைத் தாண்டினாலும் சம்மன். என் வழக்கையும் அந்த வயிற்றுக்குள் போட்டு மூடிவிட்டேன். கல்யாணம் பேசியபோது அம்மாவிடம், "ஒரு தடவ சம்மன் வாங்கியிருக்கேன்," என்றேன். அம்மா சிரித்தாள். "பினாங்குல சம்மன் வாங்காத ஆம்பள யாருங்க?" நானும் சேர்ந்து சிரித்தேன். பதினாறு வருடம் அந்தச் சிரிப்புக்குப் பின்னால் ஒளிந்திருந்தேன்.

உங்களிடம் வருவதற்கு விசா விண்ணப்பம் நிரப்ப வேண்டியிருந்தது. அதில் ஒரு கேள்வி. எந்தக் குற்றத்துக்காவது தண்டனை பெற்றதுண்டா? வாகனம் ஓட்டிய குற்றங்களும் இதில் அடங்கும். திரும்பத் திரும்பப் படித்தேன்.

என்னோடு பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் வேலை செய்யும் சேகர் அண்ணன்தான் கணினியில் நிரப்ப உதவினார்.

"அது சம்மன்தானே லா! கட்டியாச்சு, முடிஞ்சிபோச்சு. இல்லன்னு போடு."

"கோர்ட்டுக்குப் போனேண்ணே."

"எந்தக் காலத்துக் கதை! அந்தக் கேஸ் பைலை எலி தின்னிருக்கும். உள்ளதச் சொல்லி விசா கெடைக்கலன்னா, யாரு உன் புள்ளைங்களுக்குப் பதில் சொல்றது?"

என் மேல் உள்ள பாசத்தில்தான் சொன்னார். நானும் 'இல்லை' என்றே போட்டேன். அனுப்புவதற்கு முன் தாளில் அச்சடித்து எடுத்துக்கொண்டேன். பரீட்சைச் சீட்டானாலும் புதுக் கார் சாவியானாலும் முதலில் முருகன் காலடியில் வைத்து எடுப்பதுதானே நம் வழக்கம்.

வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போனேன். அர்ச்சனைக்கு நம் நால்வர் பெயரும் நட்சத்திரமும் சொன்னேன். குருக்கள் தட்டை நீட்டினார்.

"பேப்பரக் குடுங்க, காலடியில வச்சித் தரேன்."

என் கை நீளவில்லை. சத்தியமாகச் சொல்கிறேன், நீளவில்லை. மனிதர்களிடம் காட்டத் துணிந்த தாளை அவன் காலடியில் வைக்க முடியவில்லை.

"சாமி, இதுல ஒரு எடம் தப்பா இருக்கு. திருத்திட்டுக் கொண்டாரேன்."

"அப்ப அர்ச்சனை?"

"அர்ச்சனை பண்ணுங்க. பேப்பர் மட்டும் வேணாம்."

பின்னால் வரிசையில் நின்றவர்கள் என்னை ஒரு மாதிரி பார்த்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை நீங்கள் நீச்சலுக்குப் போயிருந்த நேரம் பார்த்து அம்மாவைக் கூப்பிட்டேன். எல்லாவற்றையும் சொன்னேன். நாற்காலியையும் சொன்னேன். அம்மா ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"ஜட்ஜு முன்னுக்கு நின்னீங்களா?"

"நின்னேன்."

"அப்ப அது சம்மன் இல்லீங்க."

போனை வைத்துவிட்டாள். நான்கு நாள் அழைப்பு இல்லை. அந்த நான்கு நாளும் வீடு எனக்குப் பெரிதாகிப்போனது. குளியலறையில் கவின் விட்டுப்போன சின்னப் பல்துலக்கியைப் பார்த்து அழுதேன். விசா போனாலும் போகட்டும், என் வீட்டுக்காரி மனதை மட்டும் திருப்பிக் கொடு என்று வேண்டினேன்.

ஐந்தாம் நாள் அம்மாவே வீடியோவில் கூப்பிட்டாள். கண் வீங்கியிருந்தது. "குடிச்சது கூடப் பெருசு இல்ல. என்னச் சிரிக்க வச்சீங்க பாருங்க, அதுதான் வலிக்குது," என்றாள். பிறகு, "கோர்ட்டுல போயி பேப்பர் எடுங்க. எதையும் கொறைக்காம எழுதுங்க. வெசா கெடைக்கலன்னா நாங்க திரும்பி வரோம். வேற ஏதாச்சும் சம்மன் இருக்கா? இப்பவே சொல்லிடுங்க," என்றாள். அழுதுகொண்டே இரண்டு பேரும் சிரித்தோம்.

நீதிமன்றப் பதிவு அறையில் ஒரு தமிழ் அக்கா இருந்தார். பழைய வழக்கு, தேடப் பத்து நாள் ஆகும் என்றார். பத்து நாள் கழித்துப் போனேன்.

"கெடைக்கலண்ணே. பதிவு இல்லன்னு வேணும்னா ஒரு கடிதம் எழுதித் தரேன்."

சேகர் அண்ணன் சொன்ன எலி உண்மையிலேயே தின்றுவிட்டது போல இருந்தது. அந்தக் கடிதத்தோடு நான் 'இல்லை' என்றே அனுப்பலாம். கேட்பார் யாரும் இல்லை. பிள்ளைகளே, ஒரு நிமிடம் எனக்கு ஆசை வந்தது. மறைக்க மாட்டேன். பிறகு அம்மாவின் வீங்கிய கண் ஞாபகம் வந்தது.

"இன்னொரு தடவ பாருங்கக்கா. நான் செஞ்சது நெசம். பேர வேற மாதிரி எழுதியிருப்பாங்க."

அக்கா கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்தார். "பைல் காணாமப் போனாப் போதும்னு வேண்டிக்கிறவங்களத்தான் நான் பாத்திருக்கேன். கேஸத் தேடச் சொல்லிக் கெஞ்சுற மொத ஆளு நீங்கதான்."

வெளியே பெஞ்சில் உட்கார்ந்தேன். இத்தனை வருடம் யாரும் கண்டுபிடிக்கக் கூடாது என்று வேண்டியவன், அன்று முதல்முறையாக, "என் கேஸைக் கண்டுபிடிச்சிக் குடு, முருகா," என்று வேண்டினேன். சொன்னதும் நெஞ்சில் இருந்த கல் இறங்கியது. பயம் போய்விட்டது. எனக்கு அருள் கிடைத்தது அந்தப் பெஞ்சில்தான். விசா அதற்குப் பிறகுதான்.

மதியத்துக்கு மேல் அக்கா வெளியே வந்தார். கையில் பழுப்பு ஏறிய கோப்பு. என் பெயரில் ஓர் எழுத்து மாறி, வேறு அலமாரியில் இருந்திருக்கிறது. "இந்தாங்க, உங்க புதையல்," என்றார். அவர் காலில் விழாத குறைதான்.

'ஆம்' என்று போட்டு, நடந்ததை என் சொந்த வார்த்தையில் எழுதி, நீதிமன்றத் தாளையும் சேர்த்து அனுப்பினேன். நாற்காலியையும் எழுதினேன். மறுபடி விளக்கம் கேட்டார்கள், கொடுத்தேன். மாதங்கள் போயின. போன வாரம் அனுமதி வந்துவிட்டது. தொழிற்சாலையில் சேகர் அண்ணன் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, "உன் முருகன் என்ன விடப் படிச்சவரு லா," என்றார்.

பிள்ளைகளே, உண்மை சொன்ன எல்லாருக்கும் கேட்டது கிடைக்கும் என்று அப்பா சொல்ல மாட்டேன். எனக்கும் கிடைக்காமல் போயிருக்கலாம். ஆனால் ஒளிய வேண்டியது எதுவும் இல்லாமல் சாமி முன்னால் நிற்கிறேனே, அதை யாரும் என்னிடமிருந்து எடுக்க முடியாது. இதைப் படிக்கிறவர்களில் யாராவது இப்படி ஒன்றைப் பூட்டி வைத்திருந்தால், பயப்படாமல் அவனிடம் கொண்டு போங்கள். தட்டை நீட்டிக்கொண்டுதான் நிற்கிறான்.

நாளை எனக்கு விமானம். இன்று காலை வீட்டைக் காலி செய்து முடித்தேன். சாமி மேடையில் முருகன் படம் மட்டும் பாக்கி. அதற்குப் பின்னால் அந்தப் பழைய தாள், அன்று கோயிலில் கொடுக்க முடியாத தாள், மடித்தபடி இருந்தது. கிழித்துப் போடத்தான் எடுத்தேன். எங்கள் தொழிற்சாலையில் பரிசோதனைத் தாளில் தப்பாக எழுதினால் அழிக்கக் கூடாது, வெள்ளை மை பூசவும் கூடாது. தப்பு தெரியும்படி அதன் மேல் ஒரே ஒரு கோடு போட வேண்டும். பக்கத்தில் சரியானதை எழுதித் திருத்தியவன் சின்னக் கையெழுத்து வைக்க வேண்டும்.

வெறும் தரையில் உட்கார்ந்தேன். 'இல்லை' என்பதன் மேல் ஒரு கோடு போட்டேன். 'ஆம்' என்று எழுதினேன். பக்கத்தில் கையெழுத்து வைத்து, முருகன் காலடியில் வைத்தேன்.