வால் கிழிந்த களவா

வெள்ளானூரில் நான் குடியிருக்கும் ஃபிளாட்டிலிருந்து கடல் தெரியாது. ஏரிகூட இப்போது பாதிதான் தெரிகிறது. எதிரே இன்னொரு கட்டடம் எழும்பிவிட்டது. ஆனாலும் தினமும் ஐந்தாறு மணி நேரம் என் கண் தண்ணீருக்கடியில்தான் இருக்கும். தெற்கே ஒரு கழிமுகத்தில், அலையாத்திக் காட்டின் வேர்களுக்கிடையே கேமரா கட்டியிருக்கிறார்கள். அந்த வீடியோவைப் பார்த்து, எத்தனை களவாக் குஞ்சுகள் வருகின்றன என்று குறிப்பது என் வேலை. பவளப்பாறையில் வாழும் பெரிய மீன் அது; பிடித்துப் பிடித்து அருகிவிட்டது. சின்னதில் சில வருஷங்கள் இந்த வேர்களுக்குள் ஒளிந்து வளரும். உடம்பு பெருத்ததும் பாறைக்குப் போய்விடும். வேரை வெட்டினால் பாறையிலும் மீன் இருக்காது.

பெரும்பாலும் கலங்கல்தான் தெரியும். அதற்குள் ஒன்று மட்டும் தினமும் ஒரே வேருக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்க்கும். வாலின் மேல்பக்கம் கிழிந்திருந்ததால் அடையாளம் தெரிந்தது. ஒரு வருஷத்துக்கு மேல் அதைப் பார்த்தேன். சில நாட்கள் யாரோடும் ஒரு வார்த்தை பேசியிருக்க மாட்டேன். அது வந்ததும், "வந்துட்டியா?" என்று வாய்விட்டுக் கேட்பேன். என் குரலே எனக்குப் புதிதாக இருக்கும்.

ஐப்பசி மழையில் தெருவில் முழங்கால் தண்ணீர் நின்றது. இரண்டு நாள் கரண்ட் இல்லை. மறுபடி வீடியோவைத் திறந்தபோது அது இல்லை. ஒரு வாரம் பார்த்தேன். பிறகு, கேமரா கட்டும் படகுக்காரருக்குப் போன் செய்தேன். வேலை விஷயமாக மட்டும்தான் அவரோடு பேசியிருக்கிறேன்.

"நீங்க சொல்ற அளவுக்குப் பெருசாயிட்டா வேருக்குள்ள திரும்ப முடியாது தங்கச்சி. பாறைக்குப் போயிருக்கும்."

"யாராவது பிடிச்சிருந்தா?"

"அதுவும் இருக்கலாம்" என்றார்.

அந்த வாரம் ஸ்கூட்டரில் மீன் விற்க வரும் அக்கா கீழே குரல் கொடுத்தார். நான் மீன் வாங்குகிறவள் இல்லை. அன்று இறங்கிப் போனேன். தட்டில் உள்ளங்கை நீளத்தில் நாலு களவா கிடந்தன. ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்தேன்.

"இன்னாம்மா, எல்லாரும் செவுளத் தூக்கிப் பாப்பாங்க. நீ வாலப் பாத்துகினு கீற?"

"ஒரு மீனைத் தேடுறேன்க்கா."

சொன்ன பிறகுதான் எவ்வளவு பைத்தியக்காரத்தனமாகக் கேட்கிறது என்று புரிந்தது. அது வேறு கடல். இவை வேறு மீன்கள். ஆனாலும் நிறுத்த முடியவில்லை. வேர், கேமரா, கிழிந்த வால் எல்லாவற்றையும் படிக்கட்டில் உட்கார்ந்து சொல்லி முடித்தேன். அவர் கத்தியை வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"ஊட்டுக்காரரு பெங்களூர்ல கீறாருன்னு வாட்ச்மேன் சொன்னாரே. அவருகிட்ட சொல்றதில்லையா இதெல்லாம்?"

நான்தான் வாட்ச்மேனிடம் அப்படிச் சொல்லி வைத்திருந்தேன். மாடியில் இருப்பவர்களிடமும்.

"இல்லக்கா. நாங்க பிரிஞ்சு ரெண்டு வருஷம் ஆச்சு."

இந்த ஊருக்கு வந்ததிலிருந்து அதைச் சத்தமாகச் சொன்னது அதுதான் முதல் தடவை. அவர் அந்த நாலையும் பெட்டிக்குள் போட்டு மூடினார். "இம்மாந்துண்டு மீனு உனக்கு வோணாம். சங்கரா எடுத்துக்கோ, கழுவித் தரேன்" என்றார். எனக்குச் சமைக்கத் தெரியாது என்று சொல்லத் தோன்றவில்லை. வாங்கிக்கொண்டேன்.

தை மாதம் லீவு போட்டு அந்தக் கழிமுகத்துக்குப் போனேன். படகுக்காரர் அந்த வேரைக் காட்டினார். ஸ்கிரீனில் பெரிதாகத் தெரிந்தது நேரில் என் முழங்கை தடிமன்தான் இருந்தது. வீடியோவில் சத்தம் கிடையாது. இங்கே ஈரச் சேறு சொடுக்குப் போடுவதுபோல ஓயாமல் சத்தமிட்டது. தண்ணீரில் கையை விட்டேன். விரல்கள்கூடத் தெரியவில்லை.

"நம்மளப் பார்த்து உள்ள போயிருக்கும்" என்றார் அவர், எனக்காக. நீர் வற்றும்வரை உட்கார்ந்திருந்துவிட்டு ராத்திரி பஸ்ஸில் திரும்பினேன்.

அடுத்த வாரம் விரல் நீளத்தில் மூன்று குஞ்சுகள் வந்தன. மூன்று என்று குறித்தேன். எதற்கும் அடையாளம் தேடவில்லை.